கேட் மூடினால் ஏழு நாள்: துறைமுகத்தை நம்பி லாரி வைத்திருப்பவர்களுக்கு

நாகூரில் வெட்டாற்றங்கரைப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன யார்டு இருக்கிறது. நான்கு டாரஸ் லாரிகள் நிற்கும். வண்டிகளும் டிரைவர்களும் தம்பி பொறுப்பு. லோடு பிடிப்பது, இ-வே பில் (சரக்கோடு கூடவே போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு), இன்சூரன்ஸ், பேங்க், கணக்கு எல்லாம் என் மேசை. அப்பா காலத்தில் நெல் மூட்டையும் உர மூட்டையும்தான் ஏற்றினோம். 2009-ல் வாஞ்சூரில் காரைக்கால் துறைமுகம் வந்த பிறகு நிலக்கரிக்கு மாறினோம். எங்கள் யார்டு தமிழ்நாடு, துறைமுகம் புதுச்சேரி. நடுவில் ஒரு செக்போஸ்ட்.

துறைமுகங்களுக்கு என்னென்ன ஆபத்து வருகிறது என்று பேசும் கூட்டங்களில் கடல் மட்டம், சைபர் தாக்குதல், மின்சார லாரி என்று தனித்தனியாகப் பேசுகிறார்கள். பெரிய துறைமுகங்களில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள் இருப்பார். இரண்டு வண்டி, நான்கு வண்டி வைத்திருக்கும் நமக்கு இந்த மூன்றும் ஒரே போனில்தான் வந்து சேரும்: "அக்கா, கேட் மூடிட்டாங்க. எனக்கு முன்னாடி முப்பது வண்டி நிக்குது. எப்ப விடுவாங்கன்னு யாருக்கும் தெரியல."

புயலால் மூடினாலும் சரி, கம்ப்யூட்டர் நின்று மூடினாலும் சரி, வரிசையில் நிற்கும் வண்டிக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால் நாங்கள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். எந்தக் காரணத்துக்காகக் கேட் மூடினாலும், ஏழு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். கஜா புயலுக்குப் பிறகு எங்கள் முதல் லோடு நகர்ந்தது ஏழாவது நாள். அதிலிருந்து எடுத்த கணக்கு இது. அதற்காக நாங்கள் செய்து வைத்திருப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஏழு நாள் பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடாத ஒரு நாளைக்கு உங்களுக்கு என்ன செலவு என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்களுடைய நான்கு வண்டிகளில் இரண்டுக்குத் தவணை இருக்கிறது, மாதம் தலா 58,000. ஒரு நாளைக்குப் பிரித்தால் இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 3,900 வருகிறது. நிற்கும் நாளுக்கு டிரைவருக்கு 500 வீதம் நான்கு பேருக்கு 2,000. ஆபீஸ் செலவு 600. மொத்தம் 6,500. ஏழு நாளுக்கு 45,500. அந்தப் பணத்தைத் தனி அக்கவுண்டில் போட்டு வைத்திருக்கிறோம். டயர் வாங்கக்கூட அதைத் தொடுவதில்லை.

நிற்கும் நாளுக்கு ஏன் டிரைவருக்குக் காசு என்று கேட்பார்கள். கொடுக்காவிட்டால், புயல் வருகிறது என்று தெரிந்தும் "ஒரு நடை அடிச்சிட்டு வந்துடறேன்" என்று அவர் கிளம்பிவிடுவார். பேட்டாவுக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்கும்படி நாம் விடக்கூடாது.

லோடு கொடுப்பவரிடம் எழுதி வாங்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. வானிலையாலோ கம்ப்யூட்டர் கோளாறாலோ கேட் மூடி, வண்டி 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் வெயிட்டிங் சார்ஜ் எவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிரச்சினை வந்த பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். வரிசையில் சேர்ந்த நேரத்தை டிரைவர் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். வண்டி எண்ணும் பின்னால் கேட்டும் படத்தில் தெரிய வேண்டும்.

இன்னொன்று இ-வே பில். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் ஆயுள். தஞ்சாவூருக்கு எடுத்த பில் வரிசையிலேயே செத்துப்போகும். காலாவதியாகும் நேரத்துக்கு முந்தைய 8 மணி நேரத்துக்குள்ளோ பிந்தைய 8 மணி நேரத்துக்குள்ளோ நீட்டிக்கலாம். அதைத் தாண்டினால் முடியாது. பில் எடுத்த உடனேயே போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.

உங்கள் யார்டின் உயரம் உங்களுக்குத் தெரியுமா?

எங்களுக்கு 2018 வரை தெரியாது. கண்ணால் பார்த்தால் யார்டு மட்டமாகத்தான் இருந்தது. நவம்பர் 15 ராத்திரி, கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறும் என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், மூன்று வண்டிகளை மேற்கே அனுப்பிவிட்டோம். நான்காவதுக்கு டிரைவர் இல்லை. யார்டிலேயே மூலையில் நின்றது. விடிந்து பார்த்தால் கேட் பக்கம் கணுக்கால் அளவுதான் தண்ணீர், அந்த மூலையில் சக்கரத்தின் அச்சு மூழ்கியிருந்தது. எங்கள் இடம் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அளப்பது சுலபம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் குழாய், அரை அங்குலம், இருபது மீட்டர் நீளம். குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்புங்கள். குமிழ் இருந்தால் அளவு பொய் சொல்லும், விரலால் தட்டித் தட்டி வெளியேற்ற வேண்டும். உங்கள் தெருவில் பழைய வெள்ளக் கோடு எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். எங்களுக்கு அது டீக்கடைச் சுவர். 2008 நிஷா புயல் மழையில் தண்ணீர் வந்த இடத்தைக் கடைக்காரர் ஆணியால் கீறி வைத்திருந்தார். குழாயின் ஒரு முனையை அந்தக் கீறலில் ஒருவர் பிடிக்க வேண்டும். மறுமுனையை உங்கள் கேட் தூணில் இன்னொருவர் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஆடி அடங்கும் வரை பொறுங்கள். அங்கே கீறலில் நின்றால், இங்கே எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் 2008-ன் தண்ணீர் மட்டம். சிவப்பு பெயிண்டால் கோடு போட்டு வருடம் எழுதுங்கள். அங்கிருந்து அடுத்த தூண், அதற்கடுத்து ஆபீஸ் சுவர், டீசல் டிரம் வைக்கும் இடம், கம்ப்யூட்டர் மேசை. ஒரு காலை நேரம் போதும்.

அளந்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. 2008 கோடு என் மேசையின் கடைசி இழுப்பறைக்கு மேல் இருந்தது. ஆர்சி புத்தகங்கள், பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் அந்த இழுப்பறையில்தான் இருந்தன. இப்போது எல்லாம் பரண் அலமாரியில், ஜிப் கவரில் இருக்கின்றன.

நிஷாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது 2008 நவம்பர் 27 காலை காரைக்கால் பக்கம் கரையேறியது. ஆனால் அந்த நாட்களில் ஒரத்தநாட்டில் 24 மணி நேரத்தில் 66 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கடற்கரை ஊர்க்காரர்களான நாம் கடலையே பார்த்துக்கொண்டிருப்போம். டெல்டாவில் வெள்ளம் முதுகுப் பக்கமிருந்து வரும். மேற்கே பெய்த மழை வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் பிரிந்து பிரிந்து கடைசியில் நம் முகத்துவாரத்துக்கு வந்து சேரும். அந்த நேரம் கிழக்கிலிருந்து வீசும் கொண்டல் காற்று கடலை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தால், அமாவாசை பௌர்ணமி ஓதமும் சேர்ந்தால், ஆற்றுக்குப் போக்கிடமே இருக்காது. வெயில் அடிக்க ஆரம்பித்து இரண்டு நாள் கழித்துக்கூடத் தண்ணீர் ஏறும். புயல் போய்விட்டது என்று வண்டியைத் திரும்பக் கொண்டுவந்து பள்ளத்தில் நிறுத்தாதீர்கள். திருவாரூர் பக்கம் தெரிந்தவர் ஒருவரிடம் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கூண்டு எண்ணைப் படிப்பது எப்படி?

நாகையிலும் காரைக்காலிலும் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் டிவியில் எண்ணை மட்டும் சொல்வார்கள். எண் கூடினால் ஆபத்தும் கூடும் என்று பொதுவாக நினைத்துக்கொள்கிறோம். பாதிதான் சரி. ஒன்றும் இரண்டும் தொலைதூர எச்சரிக்கை. கடலில் எங்கோ சின்னம் உருவாகியிருக்கிறது, கப்பல்கள் கவனிக்க வேண்டும் என்று அர்த்தம். மூன்றும் நான்கும் நம் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரும் என்பது. ஐந்து, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். பதினொன்று என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

ஐந்துக்கும் ஆறுக்கும் வித்தியாசம் பலத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. எட்டுக்கும் ஒன்பதுக்கும் அதேதான். ஐந்து, எட்டு என்றால் புயல் போகும் பாதைக்கு இடது பக்கத்தில் நம் துறைமுகம் இருக்கிறது. ஆறு, ஒன்பது என்றால் வலது பக்கம். ஏழு, பத்து என்றால் நம் தலைமேலேயே அல்லது மிக அருகில். கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே பார்த்து நில்லுங்கள். புயலும் பெரும்பாலும் அப்படித்தான் கரையேறும். அதன் வலது கைப் பக்கம் வடக்கு. அந்தப் பக்கத்தில் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும், கடலையும் சேர்த்து இழுத்து வரும். புயல் நமக்குத் தெற்கே, வேதாரண்யம் கோடியக்கரைப் பக்கம் கரையேறினால் நாம் அந்த வலது பக்கத்தில் இருப்போம். வடக்கே கடலூர் பக்கம் போனால் நம் ஊரில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். மழை இருக்கும், கடல் ஏறுவது குறையும். அதனால் ஆறு அல்லது ஒன்பது என்று கேட்டால் ஆற்றோர யார்டில் ஒரு வண்டிகூட நிற்கக்கூடாது. இதை டிரைவர்கள் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம்.

சுனாமிக்குக் கூண்டு கிடையாது. 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த ஊர் நாம். சுனாமி எச்சரிக்கை வந்தாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ சாவியை விட்டுவிட்டு ஓடச் சொல்லுங்கள். வண்டியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

வண்டியை எங்கே, எப்படி?

நான்காம் எண் ஏற்றும்போதே நகர்த்த ஆரம்பிக்கிறோம். ஐந்துக்கு மேல் போய்விட்டால் மேற்கே போகும் சாலை எல்லா லாரிக்காரர்களாலும் நிரம்பிவிடும். இடத்தை முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். கீழ்வேளூர் தாண்டி ஒரு அரிசி ஆலையோடு எங்களுக்கு ஏற்பாடு இருக்கிறது. நெல் காயவைக்கும் களம் எப்போதும் மேடாக, சிமெண்ட் போட்டு இருக்கும். மழைக் காலத்தில் அங்கே நெல் காயாது, காலியாகக் கிடக்கும். வருடத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிடுகிறோம். நிறுத்தும்போது தென்னை, புளியமரம், மின்கம்பம் மூன்றுக்கும் தள்ளி நிறுத்துங்கள். வெறும் வண்டியில் தார்ப்பாயைக் கட்டி வைக்காதீர்கள், காற்று அதைக் கப்பல் பாய் மாதிரி ஆக்கி வண்டியையே சாய்க்கும். டீசலை இரண்டு நாள் முன்னாலேயே நிரப்பிவிடுங்கள். கஜாவில் டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் விழுந்தன. பங்கில் டீசல் இருந்தது, மேலே ஏற்றக் கரண்ட் இல்லை.

அச்சு வரை தண்ணீரில் நின்ற எங்கள் நான்காவது வண்டிக்கு என்ன ஆனது தெரியுமா? தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்தோம், ஜம்மென்று ஓடியது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை என்று சந்தோஷப்பட்டோம். மூன்றாவது நடையில் அம்மாப்பேட்டை அருகே பின்னால் ஒரு சத்தம். பின் அச்சைச் சுற்றவைக்கும் கிரவுன் சக்கரத்தின் பல் உடைந்துவிட்டது. பின் அச்சுப் பெட்டியில் காற்று போகவர ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கும். பெட்டி தண்ணீரில் மூழ்கி நின்றால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது. அதோடு ஓட்டியது எங்கள் தவறு. வெள்ளச் சேதத்துக்குத்தான் காசு, அதற்குப் பிறகு ஓட்டியதால் வந்த சேதத்துக்கு இல்லை என்று இன்சூரன்ஸில் சொல்லிவிட்டார்கள்.

அதனால் அச்சுக்கு மேல் தண்ணீர் நின்ற வண்டியை ஓட்டவே ஓட்டாதீர்கள். முதலில் தண்ணீர்க் கோடு தெரியும்படி நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸுக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு பின் அச்சின் வடிகால் போல்ட்டைக் கொஞ்சம் திருகி ஒரு வெள்ளைத் தட்டில் எண்ணெயைப் பிடித்துப் பாருங்கள். தேன் மாதிரி இருந்தால் சரி. பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, மொத்தத்தையும் மாற்ற வேண்டும். கியர் பெட்டியிலும் அப்படியே பாருங்கள். வீல் பேரிங் கழற்றிப் புது கிரீஸ். உப்புத் தண்ணீர் என்றால் பிரேக் பாகங்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள். எஞ்சின் ஆயில் குச்சி அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது, மெக்கானிக் வரட்டும். இன்னொன்று, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தால் வெள்ளத்துக்கு ஒரு பைசா வராது. பழைய வண்டிதானே என்று அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் நின்றால்

புயலாவது சொல்லிவிட்டு வரும். 2023 ஜூலை 4 காலை ஜப்பானில் நகோயா துறைமுகத்தில் கன்டெய்னர் கணினிகள் பூட்டப்பட்டன. பணம் கேட்டு மிரட்டல் தாள் அங்கிருந்த பிரிண்டரிலேயே வந்து விழுந்தது. இரண்டரை நாள் கழித்துத்தான் வேலை திரும்ப ஆரம்பித்தது. அதே வருடம் நவம்பரில் ஆஸ்திரேலியாவின் சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன், பிரிமேண்டில் ஆகிய நான்கு ஊர்களில் டிபி வேர்ல்ட் என்ற துறைமுக நிறுவனத்தின் முனையங்கள் மூன்று நாள் நின்றன. ஏறக்குறைய 30,000 கன்டெய்னர்கள் தேங்கின. கிரேனுக்கு ஒன்றுமில்லை, கப்பலுக்கும் ஒன்றுமில்லை. எந்தப் பெட்டி யாருடையது என்று சொல்லத்தான் வழியில்லை. வெளியே லாரிகள் நின்றன.

2017 ஜூன் 27-ல் மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்துக்கு நடந்ததை நான் டிரைவர்களுக்கு அடிக்கடி சொல்வேன். ஒரு கெட்ட நிரல் உலகம் முழுக்க அவர்கள் கணினிகளை அழித்தது. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையமும் அதில் நின்றது. வலைப்பின்னல் முழுவதையும் கட்டுப்படுத்தும் முக்கியக் கணினிகளில் ஒன்றே ஒன்றுதான் பிழைத்தது. அது ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் இருந்தது. அந்த நேரத்தில் அங்கே கரண்ட் போயிருந்தது. இணைப்பு இல்லாததால் தப்பித்தது. அதை வைத்துத்தான் மற்றதையெல்லாம் மீட்டார்கள்.

அதைக் கேட்ட பிறகு நான் செய்தது இதுதான். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணக்கு, பில், ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஒன்றில் நகல் எடுத்து, பிடுங்கி, வீட்டுக்கு எடுத்துப் போவேன். அடுத்த வாரம் மற்றொன்று. செருகியே வைத்திருந்தால் கம்ப்யூட்டரோடு சேர்த்து அதையும் பூட்டிவிடுவார்கள். பிடுங்கி வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வீட்டிலும் பரணில்தான் வைக்கிறேன், காரணம் மேலே சொன்னேன்.

அப்புறம் தாள் நாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை கம்ப்யூட்டரைத் தொடாமல் வேலை செய்கிறோம். இ-வே பில்லுக்கு மட்டும் விதிவிலக்கு. மற்றபடி கார்பன் வைத்த டிரிப் புத்தகம். வண்டி எண், டிரைவர், சரக்கு அனுப்புபவர், எடைமேடை எடை, இ-வே எண், கேட்டில் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம் எல்லாம் கையால் எழுதுகிறோம். முதல் தடவை செய்தபோது சரக்குக்காரர் ஒருவருக்குப் போன் செய்ய வேண்டியிருந்தது. எங்கள் மூவரில் ஒருவருக்கும் எண் தெரியவில்லை. டயரித் தாளில் தேடிக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆனது. இப்போது எண்கள் எல்லாம் ஒரு நோட்டில், ஆர்சி புத்தகங்களோடு இருக்கின்றன. ஒவ்வொரு வண்டியிலும் அதன் ஜெராக்ஸ் ஒன்று.

துறைமுகத்தைத் தாக்குபவன் நம்மையும் தாக்குவானா என்று தம்பி கேட்டான். நம்மைத் தாக்குபவர்கள் வேறு. ஆனால் வழி ஒன்றுதான், நம்பிக்கையான முகத்தோடு வருவார்கள். 2022-ல் நாங்கள் வழக்கமாக டயர் வாங்கும் இடத்திலிருந்து மெயில் வந்தது. பேங்க் மாறிவிட்டது, இனி புது அக்கவுண்டில் போடுங்கள் என்று. அதே லோகோ, அதே மாதிரி "வணக்கம் மேடம்". 86,000 போட்டேன். மூன்றாம் நாள் அவர்களே போன் செய்து பாக்கி கேட்டபோதுதான் தெரிந்தது. மெயில் முகவரியில் ஒரு எழுத்து கூடுதல். பணம் திரும்பவில்லை. இரண்டு ராத்திரி தூங்கவில்லை.

அக்கவுண்ட் எண் மாறியது என்று யார் சொன்னாலும், மெயிலில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். உங்கள் நோட்டில் இருக்கும் பழைய எண்ணுக்குச் செய்யுங்கள். தெரிந்த குரலைக் கேளுங்கள். பிறகு ஒரு ரூபாய் போட்டு, வந்ததா என்று அந்தக் குரலிடமே கேட்டுவிட்டு மீதியைப் போடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் அடுத்த அக்கவுண்டுக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. நான் மூன்று நாள் கழித்துச் சொன்னேன்.

டிரைவர்களுக்கு வரும் வலை வேறு. "உங்கள் வாகனத்துக்கு அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வரும். சில சமயம் வண்டி எண் கூடச் சரியாக இருக்கும். திறந்தால் அந்த போன் எஸ்எம்எஸ் எல்லாவற்றையும் வேறு எங்கோ அனுப்ப ஆரம்பித்துவிடும், ஓடிபி உட்பட. அபராதத்தைப் பார்க்க அரசின் பரிவாகன் தளம் இருக்கிறது, அங்கே மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வரும் எந்தச் செயலியையும் நிறுவக்கூடாது என்று ஸ்டியரிங் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறோம். பேங்க், பாஸ்டேக் ஓடிபி வரும் சிம் ஒரு சாதாரண பட்டன் போனில் என் இழுப்பறையில் கிடக்கிறது. அதில் வாட்ஸ்அப்பே கிடையாது.

மின்சார லாரி வாங்கலாமா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்கவும் வேண்டும். மத்திய அரசு 2023-ல் வெளியிட்ட ஹரித் சாகர் பசுமைத் துறைமுக வழிகாட்டுதல், துறைமுகத்துக்குள் ஓடும் வண்டிகளிலும் இயந்திரங்களிலும் பாதிக்கு மேல் 2030-க்குள் மின்சாரத்துக்கு மாற வேண்டும் என்கிறது. 2047-க்குள் 90 சதவீதம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2035-க்குள் கன்டெய்னர் லாரிகளைப் புகையில்லாதவையாக மாற்ற இலக்கு வைத்திருக்கின்றன. நம் கேட்டிலும் ஒரு நாள் டீசலுக்குத் தனி வரிசை வரலாம். அதனால் பயப்படாமல் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் போட்ட கணக்கு இது. யார்டிலிருந்து தஞ்சாவூர் சுமார் 90 கிலோமீட்டர், போய்வர 180. எங்கள் டாரஸ் லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர்தான் தருகிறது. 51 லிட்டர், லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 4,600. மின்சார லாரி, போகும்போது லோடு திரும்பும்போது வெறும் வண்டி என்று சராசரியாகக் கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் என்று வைத்தால் 234 யூனிட். யூனிட் 12 ரூபாய் என்றால் 2,800. ஒரு நடைக்கு 1,800 மிச்சம். மாதம் 15 நடை என்றால் 27,000. ஆனால் வண்டி விலை டீசலைவிட இரண்டு, மூன்று மடங்கு. அந்த 27,000 கூடுதல் தவணைக்குப் போதவே போதாது. மாதம் 15 நடை அடிக்கும் எங்களைப் போன்றவர்கள் தூர ஓட்டத்துக்கு இப்போது வாங்க வேண்டாம் என்பது என் தீர்ப்பு.

குறுகிய ஓட்டம் வேறு கதை. கப்பலிலிருந்து கிடங்கு, கிடங்கிலிருந்து சரக்கு ரயிலில் ஏற்றும் சைடிங் என்று பத்து, இருபது கிலோமீட்டருக்குள் நாள் முழுக்கச் சுற்றும் வண்டி என்றால் நடை கூடும், சின்ன பேட்டரி போதும், வரிசையில் நிற்கும்போது செலவில்லை. எங்கள் வண்டி எஞ்சினை அணைக்காமல் வரிசையில் ஊர்ந்தால் மணிக்கு இரண்டு லிட்டர் வரை குடிக்கிறது. நான்கு மணி நேரம் நின்றால் எட்டு லிட்டர் போய்விடும், ஒரு கிலோ சரக்கு நகர்ந்திருக்காது. அந்தப் புகையை முகத்துக்கு நேரே வாங்கிக்கொண்டு பின்வண்டியில் உட்கார்ந்திருப்பது நம் டிரைவர்தான். எனக்கு மின்சார லாரியின் மேல் உண்மையான ஆசை இருப்பது இதனால்தான்.

வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் ஒரு மாதம் நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு வண்டியும் எந்த மணிக்கு எங்கே, எத்தனை நிமிடம் சும்மா நின்றது என்று டிரைவரை எழுதச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து ஒன்றரை மணி நேரம் நிற்கும் இடம் எதுவோ அதுதான் சார்ஜர் இருக்க வேண்டிய இடம். அது உங்கள் யார்டு இல்லையென்றால், அந்த இடத்துக்காரர் சார்ஜர் வைப்பாரா என்று கேட்ட பிறகுதான் வண்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். உங்கள் யார்டுதான் என்றால் மின்வாரியத்தில் போய் விசாரியுங்கள். பெரிய சார்ஜருக்கு உயர் அழுத்த இணைப்பும் சொந்த டிரான்ஸ்பார்மரும் கேட்பார்கள். அந்தச் செலவை வண்டி விலையோடு சேர்த்தே எழுதுங்கள்.

மானியமும் இருக்கிறது. பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் மின்சார லாரிகளுக்கு அதிகபட்சம் 9.6 லட்சம் வரை தருவதாக 2025 ஜூலையில் அறிவித்தார்கள். பழைய டீசல் லாரியை உடைத்த சான்றிதழ் கட்டாயம். ஆகவே பழைய வண்டியைத் தெருமுனைக் காயலான் கடையில் போடாதீர்கள். பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்தால்தான் அந்தச் சான்றிதழ் கிடைக்கும்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். 2022-ல் இயன் புயலுக்குப் பிறகு அமெரிக்காவின் புளோரிடாவில் கடல் தண்ணீரில் மூழ்கிய மின்சாரக் கார்கள் சில நாள் கழித்துத் தீப்பிடித்தன. உப்பு பேட்டரிக்குள் மின்சாரத்துக்குக் குறுக்குவழி போட்டுவிடுகிறது. உப்புத் தண்ணீரில் நின்ற மின்சார வண்டியைச் சார்ஜரில் போடாமல், கட்டடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 50 அடி தள்ளி நிறுத்த வேண்டும். புயலில் மின்கம்பங்கள் விழுந்தால் நாள்கணக்கில் சார்ஜ் கிடையாது, ஆகவே நான்காம் எண் கூண்டுக்கு முன்பே முழுச் சார்ஜோடு மேற்கே போய்விட வேண்டும். நான்கு வண்டியில் ஒன்று மாறினாலும் மூன்று டீசலாகவே இருக்கட்டும் என்று தம்பியும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

சார்ஜர் மேடைக்கு இப்போதே இடம் குறித்தாயிற்று. கேட்டுக்கு வலது பக்கம், யார்டிலேயே மேடான மூலை. அங்கேயும் தூணில் 2008 கோடு இருக்கிறது. அதற்கு மேல் இரண்டு அடி உயரத்தில் மேடை வேண்டும் என்று கொத்தனாரிடம் சொன்னோம். "இவ்வளவு உயரமா, படி வேணுமே அக்கா" என்றார். படி வைத்தே கட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.